முன்னே செல்லும் தம்பிமார்: மதராஸ் சப்பர் படையின் கதை

வயதில் இளையவரை அன்போடு அழைக்க நாம் வழங்கும் சொல் 'தம்பி'. பெயர் தெரியாத இளைஞன் ஒருவனைத் தெருவில் நிறுத்தி வழி கேட்பதாயினும் "தம்பி" என்றே தொடங்குகிறோம். வீட்டு முற்றத்திற் பிறந்த இச்சொல் ஒரு பெரும் படைப்பிரிவின் செல்லப்பெயராகவும் வழங்கிவருகிறதென்பதை நம் வாசகர்களிற் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். இந்தியத் தரைப்படையைச் சேர்ந்த மதராஸ் பொறியியற் படையினரை, அதாவது மதராஸ் சப்பர்களை, ஏனைய படையினர் 'தம்பிகள்' என்றே அழைப்பர். வடக்கே பனிமலையிற் பிறந்து தமிழில் வேறொரு சொல்லும் அறியாத வீரனும் இந்த ஒரு சொல்லை அறிவான்.

அப்படை தோன்றி இன்றைக்கு 240 ஆண்டுகளுக்கு மேலாகிறது. கோட்டையைப் பிடித்த தளபதியின் பெயரைச் சரித்திர நூல்கள் பொறித்துவைக்கின்றன. அக்கோட்டை வரைக்கும் மண்ணை வெட்டி வழி சமைத்தவனின் பெயரை அவை பெரும்பாலும் சொல்வதில்லை. அவ்வாறு வழி சமைத்தவர்களின் வரலாற்றையே இக்கட்டுரையிற் சொல்லப் புகுகிறோம்.

சப்பர் என்பவர் யார்?

'சப்' என்பது கோட்டையை நோக்கி அகழ்ந்து செல்லும் பதுங்குபள்ளத்துக்கு ஐரோப்பியர் இட்ட பெயர். முற்காலத்திற் கோட்டை மதில்மேற் பீரங்கிகள் வரிசையாய் நின்றன. வெட்டவெளியில் நேரே ஓடிச் சென்றவர் மதிலை அடையுமுன் மாண்டனர். ஆகவே முற்றுகையிடுவோர் தூரத்திலிருந்தே பள்ளம் வெட்டத் தொடங்குவர். அப்பள்ளம் நேராகச் செல்லாது. பாம்பு நெளிவதுபோல வளைந்து வளைந்து செல்லும். நேராக வெட்டினால் மதிலிலிருந்து வரும் ஒரே குண்டு பள்ளத்தின் நீளம் முழுவதும் ஓடி, உள்ளே நிற்போர் அனைவரையும் வீழ்த்திவிடும். பள்ளத்தின் முனையில் நிற்பவன், மிலாறுகளாற் பின்னி மண்ணிட்டு நிரப்பிய கூடையொன்றைத் தனக்கு முன்னே நகர்த்தியபடி அகழ்வான். அவனுக்கும் பகைவனின் பீரங்கிக்கும் இடையே அந்தக் கூடை மண் ஒன்றே காப்பு. வேலை பெரும்பாலும் இரவில் நடைபெறும்.

இவ்வாறு அகழ்வோர் 'சப்பர்' எனப்பட்டனர். மதிலின் அடியிற் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைப்போர் 'மைனர்' எனப்பட்டனர். காலம் செல்லச் செல்ல இவர்களின் கடமைகள் பெருகின. ஆற்றுக்குப் பாலம் அமைத்தல், காட்டினூடே பாதை வெட்டுதல், படைக்குக் குடிநீர் தேடித் தருதல், கண்ணிவெடிகளை அகற்றுதல் ஆகிய யாவும் இவர்களைச் சேர்ந்தன. படை முன்னேறும்போது சப்பர் முதலிற் செல்வான். பின்வாங்கும்போது பாலத்தைத் தகர்ப்பதற்காகக் கடைசி ஆளாய் நிற்பான்.

தோல்வியிற் பிறந்த படை

1780ஆம் ஆண்டு மைசூர் அதிபதி ஹைதர் அலி பெரும் படையோடு கர்நாடகப் பிரதேசத்தினுள் இறங்கினார். செப்டெம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரிற் கேணல் பெய்லியின் படை அவராலும் அவர் மைந்தர் திப்புவாலும் முறியடிக்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பனி அதுவரை இந்திய மண்ணிற் கண்டிராத தோல்வி அது. சென்னையிலிருந்த வெள்ளையர் நடுங்கினர். அத்தோல்வி நிகழ்ந்து இருபது நாட்கள் கழித்து, செப்டெம்பர் 30ஆம் நாள், 'பயனியர்' என்னும் பெயரில் இரண்டு கம்பனிகள் சென்னையில் அமைக்கப்பட்டன. அவற்றைத் திரட்டியவர் ஜோசப் மூர்ஹவுஸ் என்னும் பீரங்கிப்படை அதிகாரி. இன்றைய மதராஸ் பொறியியற் படை அந்நாளையே தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

மூர்ஹவுஸ் தாம் நட்ட மரம் வளர்ந்ததை நெடுங்காலம் காணவில்லை. 1791ஆம் ஆண்டு மார்ச் மாதம் பெங்களூர்ப் பேட்டை வாயிலைத் தாக்கியபோது அவர் கொல்லப்பட்டார். அவர் உயிர்நீத்த அந்த நகரிலேயே 1834ஆம் ஆண்டிற் சப்பர்களின் தலைமையகம் அமைந்தது. அல்சூர் ஏரியின் பக்கத்தில் அது இன்றும் இருந்துவருகிறது.

1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கபட்டண முற்றுகையிற் பயனியர் பதுங்குபள்ளங்களை வெட்டினர். மே மாதம் 4ஆம் நாள் நண்பகலில், காவேரியின் கிளையைக் கடந்து கம்பனிப் படை மதிலின் உடைப்பினூடாக ஏறிற்று. திப்பு சுல்தான் அன்று மாண்டார். 1803ஆம் ஆண்டு, பிற்காலத்தில் வெலிங்டன் கோமகனாய் விளங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி தக்காணத்தில் மராத்தியரோடு பொருதபோது, பெருக்கெடுத்த ஆறுகள் அவரை மறித்தன. மூங்கிலாற் பின்னித் தோல் போர்த்திய பரிசல்களைக் கொண்டு அவர் படையைக் கடத்தினார். தென்னாட்டு ஆற்றங்கரைகளில் மீனவரும் உழவரும் தொன்றுதொட்டு வழங்கிவந்த பரிசலே அங்கு ஒரு போரின் கருவியாயிற்று.

காளையார்கோவிற் காடு

இங்கே நாம் ஒன்றைச் சொல்லாமற் கடந்து செல்லுதல் முறையன்று. இப்படை யாருக்காகப் பாடுபட்டது?

1801ஆம் ஆண்டு சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர் கம்பனியை எதிர்த்து எழுந்தனர். அவர்களது அரணாய் விளங்கிய காளையார்கோவிலை அடர்ந்த காடு சூழ்ந்திருந்தது. சிறுவயலிலிருந்து அக்காட்டினூடே பாதை வெட்டிச் செல்ல வெள்ளையர் முயன்றனர். பயனியர் கோடரியோடு முன்னே சென்று மரங்களை வீழ்த்த, மருதுவின் ஆட்கள் புதர்களிலிருந்து அவர்களைத் தாக்கினர். ஏறக்குறைய ஒரு மாதம் பாடுபட்டும் பலன் கிட்டாமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் வேறு வழியாகவே காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

காட்டுக்குள் மறைந்து நின்றவரும் தமிழர்; காட்டை வெட்டியவரிலும் தமிழர் இருந்தனர். அக்காலத்துப் பயனியர் படையிற் சேர்ந்தோரிற் பெருந்தொகையினர் பறையர் குலத்தினர். கிறிஸ்தவரும் பலர் இருந்தனர். ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட மனிதனுக்குக் கம்பனி மாதச் சம்பளமும் சீருடையும் ஒரு பெயரும் கொடுத்தது. அவன் அதைப் பற்றிக்கொண்டான். அவனைத் துரோகி என்று ஏசுவது எளிது. ஆனால் அவனுக்கு வேறு வழி எது இருந்தது என்று கேட்டுப் பார்த்த பின்னரே நாம் தீர்ப்புக் கூறுதல் வேண்டும். சப்பர் வெட்டும் பாதைக்கு நல்லது கெட்டது தெரியாது. அதன்மீது யார் நடப்பதென்பதை அவன் தீர்மானிப்பதுமில்லை. இப்படையின் பெருமையும் துயரமும் இந்த ஓர் உண்மையில் அடங்கியிருக்கின்றன.

கடல் கடந்த மண்வெட்டி

1831ஆம் ஆண்டில் இப்படைக்கு 'மதராஸ் சப்பர்களும் மைனர்களும்' என்னும் பெயர் வந்தது. 1876இல் விக்டோரியா இராணியின் பெயரும் அதனோடு சேர்ந்தது. கப்பலேறினாற் சாதி கெடும் என்று இந்தியச் சிப்பாய்களிற் பலர் அஞ்சிய அந்நாளிலேயே இவர்கள் கடல் கடந்தனர். எகிப்து, ஜாவா, பர்மா, சீனா, பாரசீகம் ஆகிய நாடுகளெங்கும் இவர்களின் மண்வெட்டி சென்றது. 1840ஆம் ஆண்டு தொடங்கிய சீன யுத்தத்தில் ஈடுபட்டமைக்காக நாகச் சின்னம் இவர்களுக்குக் கிடைத்தது. அந்த யுத்தம் அபினி வியாபாரத்தின் பொருட்டு மூண்டதென்பதை இன்று உலகம் அறியும்.

1867ஆம் ஆண்டு அபிசீனிய மன்னர் தியோடோர், ஐரோப்பியர் சிலரைச் சிறைவைத்திருந்தார். அவர்களை மீட்க ஜெனரல் நேப்பியர் தலைமையில் இந்தியாவிலிருந்து ஒரு படை சென்றது. நேப்பியரே பொறியியற் படையில் வளர்ந்தவர். செங்கடலோரத்துச் சூலா என்னுமிடத்தில் இறங்குதுறை அமைத்தல், நீர் தேடுதல், மலையேறும் பாதை வகுத்தல் ஆகியவற்றில் மதராஸ் சப்பர்கள் உழைத்தனர். இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட 44 யானைகள் பீரங்கிகளைச் சுமந்து அந்த மலைப்பாதையில் ஏறின. சுமார் 400 மைல் நடந்து 1868 ஏப்ரல் 13ஆம் நாள் மக்தலாக் கோட்டை வாயிலை அடைந்தபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. வாயிலைத் தகர்க்கவேண்டிய பொறியியற் பிரிவினர் வெடிமருந்தையும் ஏணிகளையும் பின்னே விட்டுவந்திருந்தனர்! காலாட்படையினர் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி மதிலைத் தாண்டினர். மாதக்கணக்காய் மலையைக் குடைந்து வழி சமைத்தவர்களின் உழைப்பைவிட, அந்த ஒரு நாளின் மறதியே மக்களின் நாவில் நெடுங்காலம் நின்றது.

"போர்க்குணம் இல்லாதவர்"

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளை அதிகாரிகளிடையே ஒரு கொள்கை பரவிற்று. இந்தியரிற் சில குலத்தினரே போருக்குப் பிறந்தவர், ஏனையோர் படைக்கு உதவார் என்பது அக்கொள்கை. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமை வகித்தவரும் பின்னர் இந்தியப் படை முழுவதுக்கும் தலைவரானவருமான ரொபேட்ஸ் பிரபு அதனை வலியுறுத்தினார். தென்னாட்டுச் சிப்பாய் வடநாட்டானுக்கு ஈடாகான் என்பது அவர் முடிவு. அதன் விளைவாக மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைக்கப்பட்டன.

சப்பர்கள் மட்டும் நிலைத்தனர். ஒருவனுடைய குலம் எதுவாயினும் அவன் கட்டிய பாலம் நிற்கிறதா, விழுகிறதா என்பதைக் கண்ணாற் காணலாமன்றோ? இவர்கள் கட்டிய பாலங்கள் நின்றன.

1912ஆம் ஆண்டு பெங்களூரில் இப்படையோடு பணியாற்றிய கப்டன் மக்ளின்டொக் என்னும் பிரித்தானியப் பொறியியல் அதிகாரி ஒரு கருவியை ஆக்கினார். வெடிமருந்து நிரப்பிய குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, நீண்ட கோல்போல முள்வேலியின் கீழே தள்ளி வெடிக்கச் செய்வது அது. வேலி அறுந்து, ஆள் நுழையும் வழி பிறக்கும். தள்ளுபவன் பள்ளத்திற் படுத்தபடியே வேலை முடிக்கலாம். 'பெங்களூர் டோர்பிடோ' என்னும் அக்கருவி இரு உலக யுத்தங்களிலும் பயன்பட்டது. 1944 யூன் 6ஆம் நாள் நோர்மண்டிக் கடற்கரையில் இறங்கிய அமெரிக்கரும் அதனைக் கொண்டே முட்கம்பிகளை அறுத்தனர்.

நான்கு விநாடி

இரண்டாம் உலக யுத்தத்திற் சப்பரின் பெரும் பகைவன் கண்ணிவெடியே. இத்தாலியிற் பின்வாங்கிய ஜேர்மானியர் பாதையோரங்கள், பாலத்தடிகள், வீட்டு வாயில்கள் எங்கும் அவற்றைப் புதைத்துச் சென்றனர். அவற்றுள் ஒருவகை, காற்பட்ட அக்கணமே வெடிப்பதில்லை. சுமார் நான்கு விநாடி கழித்து நிலத்திலிருந்து இடுப்பளவு உயரம் எழும்பி வெடித்து, இரும்புக் குண்டுகளை நாற்புறமும் வீசும். அருகே நிற்போர் எவரும் தப்புவது அரிது.

1944 பெப்ரவரி 24ஆம் நாள், கசீனோ மலைக்குத் தெற்கேயுள்ள மின்யானோ என்னுமிடத்தில் மதராஸ் சப்பர்களின் 11ஆம் கம்பனியைச் சேர்ந்த ஒரு சிறு குழு கண்ணி அகற்றிக்கொண்டிருந்தது. அதில் இருந்தவர் சுபேதார் சுப்பிரமணியன்; காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து படைக்கு வந்தவர். குழுவினர் ஒருவரின் காலடியிற் கண்ணி ஒன்று இயங்கிற்று. அது எவ்வகைக் கண்ணி என்பதைச் சுபேதார் அறிவார். எஞ்சியிருப்பது எத்தனை விநாடி என்பதையும் அறிவார். தாம் மட்டும் விலகிப் படுத்துக்கொள்ள அது போதிய நேரமே. அவர் அக்கண்ணியின்மேற் பாய்ந்து, தம் உடலால் அதனை மூடினார். அவர் மாண்டார், அருகே நின்றவர்கள் பிழைத்தனர்.

அவ்வாண்டு யூன் மாதம் அவருக்கு ஜோர்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. அது விக்டோரியாச் சிலுவைக்கு ஒப்பானது. பகைவனோடு நேருக்கு நேர் பொருதாதவிடத்துக் காட்டிய பெருந்துணிவுக்கு உரியது. 'போர்க்குணம் இல்லாதவர்' என்ற பழஞ்சொல்லுக்கு இதற்குமேல் வேறு விடை வேண்டுவதில்லை.

அதற்கடுத்த மாதம், கசீனோ மலைச்சரிவில் ஆடுகள் செல்லும் ஒற்றையடிப் பாதையொன்றை டாங்கிகள் ஏறும் வீதியாக்கினர் இந்திய 4ஆம் டிவிசனின் பொறியியற் படையினர். மதராஸ் கம்பனிகள் அந்த டிவிசனைச் சேர்ந்தவை. பகைவர் காணாவண்ணம் மறைப்புவலை விரித்து, நியூசிலாந்துச் சப்பர்களின் துணையோடு அதனை முடித்தனர். மார்ச் 19ஆம் நாள் அவ்வழியே சென்ற டாங்கிகளுக்குத் துணையாகக் காலாட்படை செல்லாமையால் தாக்குதல் தோற்றது. வீதி மட்டும் எஞ்சியது.

பனிமலையும் மணலாறும்

வெள்ளையர் ஆட்சி நீங்கியபின் இராணியின் பெயரும் நீங்கிற்று. மதராஸ் சப்பர் என்ற பெயர் நீங்கவில்லை. 1948ஆம் ஆண்டு காஷ்மீரில் 11,500 அடி உயரமுள்ள சோஜிலாக் கணவாயைப் பகைப்படையினர் பிடித்திருந்தனர். லடாக் செல்லும் வழி அதுவே. காலாட்படையினர் செப்டெம்பரில் ஏற முயன்று தோற்றனர். டாங்கிகளை மேலே கொண்டுசெல்லலாம் என்று தளபதி திம்மையா துணிந்தபோது, அங்கே கோவேறு கழுதை செல்லும் பாதையே இருந்தது. மதராஸ் சப்பர்கள் பனியிலும் குண்டுகளுக்கிடையிலும் அப்பாதையை அகலமாக்கினர். நவெம்பர் 1ஆம் நாள் டாங்கிகள் கணவாயின் உச்சியிற் தோன்றின. அவ்வுயரத்தில் டாங்கியை எதிர்பாராத பகைவர் நிலைகுலைந்தனர். கடலோரத்து வெயிலிற் பிறந்தவர்கள் வெட்டிய வழி அது!

1971 டிசெம்பர் 15ஆம் நாள் இரவு, பஞ்சாப் எல்லையை அடுத்த பசந்தர் ஆற்றின் இருகரையிலும் புதைந்திருந்த கண்ணிகளினூடே டாங்கிகளுக்கு ஒழுங்கை திறக்கும் பணி 9ஆம் பொறியியற் படைப்பிரிவின் மதராஸ் சப்பர்களைச் சேர்ந்தது. பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. பணி முற்றுப்பெறுமுன்னரே எதிர்க்கரையிற் பகைவரின் டாங்கிகள் திரள்வதாகச் செய்தி வந்தது. பூனா குதிரைப்படையின் டாங்கிகள் காத்திராமல் மீதித் தூரத்தைக் கண்ணிகளின் மேலாகவே கடந்து சென்றன. மறுநாட் சமரில் இருபத்தொரு வயதுடைய அருண் கேத்தர்பால் உயிர்நீத்துப் பரமவீரச் சக்கரம் பெற்றார். அவர் பெயரை இந்தியா அறியும். அதற்கு முந்திய இரவு மண்டியிட்டு மண்ணைத் துழாவியவர்களின் பெயரை அவர்களின் படைப்பிரிவே அறியும்.

சூரல்மலைப் பாலம்

2024 யூலை 30ஆம் நாள் விடியுமுன், கேரளத்து வயநாட்டில் மலை சரிந்தது. முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்கள் சேற்றிலும் பாறையிலும் புதையுண்டன. 200 பேருக்கு மேல் மாண்டனர். இரு கரைகளையும் இணைத்த பாலத்தை வெள்ளம் கொண்டுசென்றமையால், மண் அகற்றும் இயந்திரங்களோ அம்புலன்ஸ் வண்டிகளோ முண்டக்கைக்குச் செல்ல வழியில்லை. மதராஸ் சப்பர்கள் அழைக்கப்பட்டனர்.

அவர்கள் அமைத்தது பெய்லி பாலம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது டொனால்ட் பெய்லி என்னும் ஆங்கிலேயர் வகுத்த பாலம் அது. பத்தடி நீளமுள்ள இரும்புச் சட்டங்களே அதன் உறுப்புகள். ஒரு சட்டத்தை ஆறு பேர் தூக்கலாம்; ஆணி செருகிப் பொருத்தலாம். ஒரு கரையிலேயே பாலத்தைக் கோத்து உருளைகளின்மேல் மறுகரைக்குத் தள்ளிவிடலாம். பெரும் பாரந்தூக்கி எதுவும் வேண்டுவதில்லை. இரவும் மழையும் பாராது உழைத்து, ஆகஸ்ட் 1ஆம் நாள் மாலை 190 அடி நீளமும் 24 தொன் தாங்கும் வலுவும் கொண்ட பாலத்தை அவர்கள் முடித்தனர். அப்பணியை முன்னின்று நடத்தியவர்களுள் மேஜர் சீதா ஷெல்கே என்னும் பெண்மணியும் ஒருவர். தம்பிமாரின் படையிற் சகோதரி ஒருவர் கட்டளையிட்டு நின்ற காட்சியை நாடு முழுவதும் படத்திற் கண்டது.

காளையார்கோவிற் காட்டைக் கோடரி கொண்டு வெட்டியதும் இதே படையே; சூரல்மலை ஆற்றுக்குப் பாலம் போட்டதும் இதே படையே. இரண்டிலும் கையின் உழைப்பு ஒன்று. உழைப்பை ஏவிய நோக்கம் வேறு. வழி சமைக்கத் தெரிந்தவனை எங்கே அனுப்புவதென்பது அவனை ஆள்வோரின் பொறுப்பு. ஆளுவோர் அவனை நல்ல வேலைக்கு அனுப்பினால், அவனால் எவ்வளவு நன்மை விளையும் என்பதற்குச் சூரல்மலைப் பாலமே சான்று. அன்று அதன்மேல் முதலிற் சென்றவை இடிபாடுகளுக்குள் மனிதரைத் தேடப் புறப்பட்ட வண்டிகள். வழிவிட்டுக் கரையோரம் நின்ற தம்பிமார், நனைந்த உடையோடு அவற்றைப் பார்த்து நின்றனர்.